மட்டில் 'வேலை' என்றால் 'வேலை' மட்டும்: ஃபோல்டர்-ஹூக் பேட்டர்னைத் துல்லியமாக எழுதுவது

கேள்வி இதுதான். டெர்மினலில் மட் என்கிற புரோகிராமை வைத்து மெயில் படிக்கிற ஒருவர், 'வேலை' என்ற ஃபோல்டரைத் திறந்தால் மட்டும் ஆபீஸ் முகவரி அனுப்புநராக வரவேண்டும் என்று ஒரு ஃபோல்டர்-ஹூக் (ஃபோல்டரைத் திறக்கும்போது தானாக ஓடும் கட்டளை) போட்டிருக்கிறார். அது 'வேலைவாய்ப்பு', 'வேலை-பழசு', 'வீடு/வேலையாட்கள்' என்று எங்கெல்லாம் அந்த எழுத்துகள் இருக்கிறதோ அங்கெல்லாம் பாய்கிறது. சரி, இந்தப் பேட்டர்ன் ரெஜெக்ஸ் (எழுத்துகளைப் பொருத்திப் பார்க்கும் குறிமொழி)தானே என்று முன்னால் கேரட் குறி (^), பின்னால் டாலர் குறி ($) வைத்து '^வேலை$' என்று எழுதினால், மட் தொடங்கும்போதே பிழை காட்டுகிறது. ஏன்?

முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன்: கட்டளைகளின் பெயரை இங்கே தமிழிலேயே எழுதுகிறேன், கான்ஃபிக் ஃபைலில் அவற்றை ஆங்கிலத்தில்தான் தட்ட வேண்டும். ஃபோல்டர் பெயர்கள் உங்களுடையவை தமிழிலேயே இருப்பதால் பேட்டர்னில் அவற்றை அப்படியே எடுத்துக்கொள்ளலாம்; '/ஹோம்' போன்ற டைரக்டரிகளையும் '[ஜிமெயில்]' என்ற பெயரையும் மட்டும் உங்கள் கம்ப்யூட்டரில் இருக்கிறபடி ஆங்கிலத்தில் எழுதுங்கள்.

இதில் குழப்பத்துக்கு வேர் ஒன்றுதான். மட் உங்கள் பேட்டர்னை எதோடு ஒப்பிடுகிறது என்பது திரையில் தெரியாது. கீழே ஸ்டேட்டஸ் வரியில் '=வேலை' என்று தெரிகிறது, நீங்களும் ஃபோல்டரின் பெயர் அவ்வளவுதான் என்று நினைத்துக்கொள்கிறீர்கள். அது சுருக்கிக் காட்டுகிற வடிவம். உள்ளே ஒப்பிடப்படுவது முழுப் பாத்:

/ஹோம்/நான்/மெயில்/வேலை

ஐமேப் (சர்வரிலேயே இருக்கும் மெயிலைப் படிக்கும் முறை) என்றால் 'ஐமேப்ஸ்://' என்று தொடங்கி சர்வர் பெயர், அதற்குப் பிறகு ஃபோல்டர் என்று நீளமான முகவரி. வெறும் 'வேலை' என்று எழுதினால், இந்த நீளமான சரத்தின் எந்த மூலையில் அந்த எழுத்துகள் இருந்தாலும் பொருந்தும். ஹோம் டைரக்டரியின் பெயரிலேயே இருந்தாலும் பொருந்தும், அப்போது எல்லா ஃபோல்டருக்குமே ஹூக் ஓடும். அதே காரணத்தால் '^வேலை$' என்பது, கேரட் குறி நீங்கள் நினைத்தபடியே வேலை செய்திருந்தாலும், ஒருபோதும் பொருந்தியிருக்காது. சரம் தொடங்குவது சாய்கோட்டில்.

நியோமட்டில் கொஞ்சம் வேறுபாடு உண்டு. 2016 வாக்கில் மட்டிலிருந்து கிளைத்த அந்தப் பதிப்பு, பாத்தோடு பொருந்தவில்லை என்றால், ஃபோல்டருக்கு நீங்கள் வைத்த விளக்கப் பெயரோடும் ஒருமுறை பொருத்திப் பார்க்கிறது. அதனால் ஒரே பேட்டர்ன் இரண்டிலும் வேறு வேறு மாதிரி நடந்தால் ஆச்சரியப்பட வேண்டாம்.

இனி அந்தப் பிழைச் செய்திக்கு வருவோம். ஃபோல்டர்-ஹூக்குக்குக் கொடுக்கும் பேட்டர்ன் ரெஜெக்ஸாக மாறுவதற்கு முன்னால், அதன் முதல் எழுத்தை மட் தன்னுடைய மெயில்பாக்ஸ் சுருக்கக் குறியாகப் படிக்கிறது. சமக்குறி அல்லது கூட்டல் குறி என்றால் மெயில் டைரக்டரி, ஆச்சரியக்குறி என்றால் இன்பாக்ஸ், சிறுகோடு என்றால் கடைசியாகப் போன ஃபோல்டர், அலைக்குறி (~) என்றால் ஹோம், @ என்றால் ஒரு ஏலியாஸின் (முகவரிக்கு வைத்த சுருக்கப் பெயரின்) சேமிப்பு ஃபோல்டர். கேரட் குறி என்றால்? 'இப்போது திறந்திருக்கும் ஃபோல்டர்'. ரெஜெக்ஸில் அதே குறிக்கு 'சரத்தின் தொடக்கம்' என்று பொருள், ஆனால் ரெஜெக்ஸின் முறை வருவதற்குள் மட் அதை விழுங்கிவிடுகிறது. கான்ஃபிக் ஃபைலைப் படிக்கும் நேரத்தில் எந்த ஃபோல்டரும் திறக்கவில்லை, ஆகவே அது வெறுமையாக விரிகிறது, மட் முறையிடுகிறது. முறையிடாத பழைய பதிப்புகளில் நிலைமை இன்னும் மோசம். சத்தமே இல்லாமல் பேட்டர்ன் 'வேலை$' என்று சுருங்கிப்போகும்.

தீர்வு மட்டின் கையேட்டிலேயே இருக்கிறது, யாரும் அந்தப் பத்தி வரை படிப்பதில்லை. பேட்டர்னை அடைப்புக்குறிக்குள் போட்டுவிட்டால் முதல் எழுத்து அடைப்புக்குறி ஆகிவிடும், அது எந்தச் சுருக்கக் குறியும் இல்லை, உள்ளே இருக்கும் கேரட் குறி பத்திரமாக ரெஜெக்ஸ் வரை போய்ச் சேரும்:

'(^/ஹோம்/நான்/மெயில்/வேலை$)'

இது இருபுறமும் பூட்டிய பேட்டர்ன். ஒரே ஒரு பாத்துக்குத்தான் பொருந்தும். ஆனால் பார்க்க நன்றாக இல்லை, கம்ப்யூட்டர் மாறினால் உடையும். நான் சிபாரிசு செய்வது சமக்குறி வழி:

'=வேலை$'

முதல் எழுத்தான சமக்குறி உங்கள் மெயில் டைரக்டரியின் முழுப் பாத்தாக விரிகிறது. விரியும்போது அந்தப் பாத்தில் புள்ளி மாதிரி ரெஜெக்ஸ் குறிகள் இருந்தால் மட் அவற்றுக்கு பேக்ஸ்லாஷ் (அடுத்த குறியை வெறும் எழுத்தாகப் படிக்கச் சொல்கிற \ குறி) போட்டுவிடும், அந்தக் கவலை உங்களுக்கு வேண்டாம். இடதுபுறம் கண்டிப்பான பூட்டு இல்லைதான். '/பேக்கப்/ஹோம்/நான்/மெயில்/வேலை' என்று ஒரு நகல் வைத்திருந்தால் அதற்கும் பொருந்தும். நடைமுறையில் அப்படிப்பட்ட ஃபோல்டரை மட்டில் யாரும் திறப்பதில்லை. இரண்டையும் சேர்த்து '(^=வேலை$)' என்று எழுதத் தோன்றும், எழுதாதீர்கள்: சமக்குறி இரண்டாம் இடத்துக்குப் போய்விட்டால் அது வெறும் சமக்குறிதான், விரியாது, அந்த ஹூக் எந்தக் காலத்திலும் ஓடாது, பிழையும் வராது.

சமக்குறியில் ஒரு கண்ணி உண்டு. அது விரிவது ஹூக் வரியைப் படிக்கும் கணத்தில், ஃபோல்டரைத் திறக்கும்போது இல்லை. மெயில் டைரக்டரியைச் சொல்கிற 'செட் ஃபோல்டர்' வரி ஃபைலில் ஹூக்குகளுக்குக் கீழே இருந்தால், சமக்குறி இயல்பான பழைய இடத்துக்கு விரிந்து அங்கேயே உறைந்துவிடும். இரண்டு மூன்று கணக்குகள் வைத்து, கணக்கு மாறும்போது 'ஃபோல்டர்' மதிப்பையே மாற்றுகிறவர்களுக்கு இது நிச்சயம் இடிக்கும், ஏனென்றால் எல்லா ஹூக்கிலும் சமக்குறி முதல் கணக்கையே குறித்துக்கொண்டிருக்கும். அவர்கள் முழு முகவரியை அடைப்புக்குறிக்குள் எழுதுவதே நல்லது.

வலதுபுறம்தான் உங்கள் பிரச்சினையின் முக்கால் பங்கு. டாலர் குறி இல்லாத '=வேலை' என்பது 'வேலைவாய்ப்பு'க்கும் 'வேலை-பழசு'க்கும் பொருந்தத்தான் செய்யும். டாலர் போட்டால் 'வேலை' மட்டும். ஆனால் பலருக்கு உண்மையில் தேவைப்படுவது 'வேலையும் அதற்குக் கீழே உள்ள எல்லாமும், பெயரில் ஒத்திருக்கிற மற்றவை வேண்டாம்' என்பது. அதற்கு:

'=வேலை(/|$)'

பெயர் முடிந்த இடத்தில் ஒன்று சாய்கோடு வரவேண்டும், இல்லை சரமே முடியவேண்டும். 'வேலை', 'வேலை/பில்', 'வேலை/பழசு/2019' எல்லாம் உள்ளே, 'வேலைவாய்ப்பு' வெளியே. இந்த ஒரு வடிவத்தை மனதில் வைத்துக்கொண்டால் பத்தில் ஒன்பது தேவை தீர்ந்துவிடும். சில ஐமேப் சர்வர்களில் உள்ஃபோல்டரைப் பிரிப்பது சாய்கோடு இல்லை, புள்ளி. அங்கே '=வேலை([/.]|$)' என்று இரண்டுக்கும் இடம் விடுங்கள். டவ்காட், கூரியர் மெயில் சர்வர்களின் பாணியில் உள்ள மெயில்டிரை (ஒவ்வொரு மெயிலும் தனி ஃபைலாக இருக்கும் டைரக்டரியை) நேரடியாக டிஸ்கிலிருந்து படிக்கிறீர்கள் என்றால் ஃபோல்டர் பெயரே புள்ளியில் தொடங்கும், '=[.]வேலை([.]|$)' என்று வரும்.

'வேலைக்குக் கீழே எல்லாம், ஆனால் பழசு மட்டும் வேண்டாம்' என்று ஒரே பேட்டர்னில் எளிதாக எழுத முடியுமா? முடியாது. மட் பயன்படுத்துவது போசிக்ஸ் நீட்டித்த ரெஜெக்ஸ். பெர்லிலும் பைத்தானிலும் பழகிய 'பின்னால் இது வராவிட்டால்' என்கிற வித்தை இதில் கிடையாது, இலக்கத்துக்கான சுருக்கக் குறியும் கிடையாது, [0-9] என்றே எழுத வேண்டும். பேட்டர்னுக்கு முன்னால் ஆச்சரியக்குறி போட்டு 'இது தவிர மற்ற எல்லாம்' என்று சொல்லலாம். அந்த ஆச்சரியக்குறி மேற்கோள்குறிக்கு வெளியே இருக்க வேண்டும்: !'=வேலை$' என்றால் வேலை தவிர எல்லாம். உள்ளே போய்விட்டால், '!=வேலை$', அது இன்பாக்ஸ் என்று விரிந்து அதற்குப் பின்னால் '=வேலை' ஒட்டிக்கொள்ளும், எதற்கும் பொருந்தாது. எனக்கு இந்த எதிர்மறை ஹூக்குகளே பிடிக்காது. ஆறு மாதம் கழித்துப் படித்தால் எழுதியவருக்கே புரியாது.

அதற்குப் பதில் வரிசையை நம்புங்கள். பொருந்துகிற ஹூக்குகள் எல்லாமே ஓடும், ஃபைலில் இருக்கிற வரிசையில் ஓடும், கடைசியாகச் சொன்னது நிற்கும். இதோடு சேர்த்து நினைவில் வைக்க வேண்டியது, ஃபோல்டரை விட்டு வெளியேறும்போது மட் எதையும் பழைய நிலைக்குத் திருப்பாது. வேலை ஃபோல்டருக்குப் போய் ஆபீஸ் முகவரி வந்துவிட்டால், திரும்பி வீட்டு ஃபோல்டருக்கு வந்தாலும் ஆபீஸ் முகவரியே ஒட்டிக்கொண்டிருக்கும். 'பேட்டர்ன் தப்பான ஃபோல்டருக்குப் பொருந்துகிறது' என்று வருகிற புகார்களில் கணிசமானவை பேட்டர்ன் கோளாறே இல்லை, இதுதான். ஹூக் அங்கே ஓடவில்லை, முன்பு ஓடியதன் மிச்சம் அது. ஆகவே எல்லாவற்றுக்கும் பொருந்துகிற ஒற்றைப் புள்ளியை மேலே வைத்துத் தொடங்க வேண்டும்:

அன்ஹூக் ஃபோல்டர்-ஹூக்
ஃபோல்டர்-ஹூக் . 'செட் ஃப்ரம்=வீட்டு-முகவரி'
ஃபோல்டர்-ஹூக் . 'செட் சார்ட்=த்ரெட்ஸ்'
ஃபோல்டர்-ஹூக் '=வேலை(/|$)' 'செட் ஃப்ரம்=ஆபீஸ்-முகவரி'
ஃபோல்டர்-ஹூக் '=வேலை/பழசு(/|$)' 'செட் சார்ட்=டேட்'

கீழே எந்த அமைப்பைத் தொட்டாலும் அதற்கு மேலே புள்ளி வரி ஒன்று இருக்க வேண்டும். சார்ட்டுக்குப் புள்ளி வரி போடாமல் விட்டால், பழசைப் பார்த்துவிட்டு வந்தபின் எல்லா ஃபோல்டரும் தேதி வரிசையில் நிற்கும். பொதுவானது மேலே, குறுகியது கீழே. ஒரு கெட்டிக்காரத்தனமான பேட்டர்னைவிட இப்படி இரண்டு எளிய வரிகள் எப்போதும் மேல். விதிவிலக்கு, விசை தட்டியது போல நடத்துகிற 'புஷ்', 'எக்ஸெக்' கட்டளைகள்தான், அவை பல ஹூக்குகளில் இருந்தால் தலைகீழ் வரிசையில் நடக்கும். அவற்றை ஹூக்கில் குவிக்காதீர்கள்.

மேலே எல்லாப் பேட்டர்னையும் ஒற்றை மேற்கோள்குறிக்குள் போட்டிருப்பது அழகுக்காக இல்லை. இரட்டை மேற்கோளிலும் மேற்கோள் இல்லாமலும், ரெஜெக்ஸ் பார்ப்பதற்கு முன்பே மட் பேக்ஸ்லாஷை எடுத்துவிடும். "\." என்று எழுதினால் ரெஜெக்ஸுக்குப் போவது வெறும் புள்ளி, அதாவது எந்த எழுத்தும். ஒற்றை மேற்கோளில் பேக்ஸ்லாஷ் தப்பிக்கும். இதையெல்லாம் நினைவில் வைக்க முடியாது என்றால் [.] என்று எழுதுங்கள், எந்த மேற்கோளிலும் அது புள்ளிதான். கட்டளைப் பகுதிக்கும் மேற்கோள் முக்கியம். 'செட் இது; செட் அது' என்று இரண்டை மேற்கோள் இல்லாமல் எழுதினால், அரைப்புள்ளிக்கு முன்னால் இருப்பதோடு ஹூக் முடிந்துவிடும், அடுத்தது அந்த நிமிடமே, எல்லா ஃபோல்டருக்கும் சேர்த்து நடந்துவிடும்.

ஜிமெயிலை ஐமேப்பில் வைத்திருப்பவர்களுக்குத் தனியாக ஒரு வார்த்தை. அங்கே அனுப்பியவை, குப்பை எல்லாம் '[ஜிமெயில்]' என்று சதுர அடைப்புக்குறியோடு ஒரு ஃபோல்டருக்குக் கீழே இருக்கும். ரெஜெக்ஸில் சதுர அடைப்பு என்றால் 'இவற்றில் ஏதோ ஓர் எழுத்து'. '=[ஜிமெயில்]/' என்று எழுதியவர் ஓரெழுத்துப் பெயருள்ள ஃபோல்டரைத் தேடுகிறார் என்று அர்த்தம். '=\[ஜிமெயில்\]/' என்று எழுதுங்கள், ஒற்றை மேற்கோளில். ஆங்கிலப் பெயர்களில் பெரிய எழுத்து, சிறிய எழுத்து வேறுபாடும் பார்க்கப்படும். மட்டில் மெயிலைத் தேடும்போது எல்லாவற்றையும் சிறிய எழுத்தில் தட்டினால் இரண்டுக்கும் பொருந்துமே, அந்தச் சலுகை ஃபோல்டர்-ஹூக்கில் இல்லை.

உங்கள் ஃபோல்டர்கள் தமிழில் இருப்பதால் இன்னும் கொஞ்சம் இருக்கிறது, எந்த ஆங்கிலக் கையேட்டிலும் கிடைக்காத பகுதி. நம் கண்ணுக்கு 'வேலை' இரண்டு எழுத்து. ரெஜெக்ஸுக்கு நான்கு: வ, ஏகாரக் குறி, ல, ஐகாரக் குறி. இதனால் புள்ளிக்குறி ஒன்று உயிர்மெய் ஒன்றுக்குச் சமம் என்று எண்ணி எழுதினால் கணக்கு தப்பும். 'சங்கம்', 'சங்கத்துக் கடிதங்கள்' இரண்டையும் பிடிக்கலாம் என்று '=சங்க' என்று எழுதினால் 'சங்கீதம்' ஃபோல்டரும் மாட்டும், ஏனென்றால் 'கீ' என்பது உள்ளே க-வும் ஈகாரக் குறியும். நம் கண் அதைப் பார்க்காது. '=சங்க(ம்|த்து)' என்று விரித்துச் சொல்ல வேண்டும். அதேபோல [காகி] என்று சதுர அடைப்புக்குள் உயிர்மெய்களைப் போடாதீர்கள், அது 'கா அல்லது கி' ஆகாது, க, கால், இகரக் குறி என்ற மூன்றில் ஏதோ ஒன்று என்றாகிவிடும். (கா|கி) என்று வட்ட அடைப்பில் எழுதினால் சரியாகப் போகும்.

ஒகர வரிசையில் இன்னொரு வில்லங்கம். 'தொ' என்பதை யூனிகோடில் இரண்டு விதமாகச் சேமிக்கலாம்: ஒகரக் குறியை ஒரே குறியாக, அல்லது ஒற்றைக் கொம்பும் காலும் தனித்தனியாக. திரையில் இம்மி வித்தியாசம் தெரியாது, ரெஜெக்ஸுக்கு இரண்டும் வேறு வேறு. மேக்கின் பழைய எச்எஃப்எஸ் பிளஸ் ஃபைல் சிஸ்டம் பெயர்களைப் பிரித்தே சேமிக்கும், நாம் தட்டுவது பெரும்பாலும் சேர்ந்த வடிவம். 'தொழில்' என்ற ஃபோல்டருக்குப் பேட்டர்ன் எழுத்துக்கு எழுத்து சரியாக இருந்தும் பொருந்தவில்லை என்றால் இதைத்தான் முதலில் சந்தேகப்பட வேண்டும். '=த..?ழில்(/|$)' என்று, த-வுக்குப் பிறகு ஒன்றோ இரண்டோ வரட்டும் என்று விட்டுவிட்டால் இரண்டு வடிவத்துக்கும் பொருந்தும். இதெல்லாம் லோக்கேல் (கம்ப்யூட்டரின் மொழி, எழுத்துக் குறியீட்டு அமைப்பு) யுடிஎஃப்-8 ஆக இருந்தால்தான். 'சி' லோக்கேலில் மட்டைத் திறந்தால் ஒவ்வொரு குறியும் மூன்று பைட்டாக உடைந்து, புள்ளிக்குறி அதில் ஒன்றை மட்டும் பிடிக்கும்.

டவ்காட்டின் மெயில்டிரை நேரடியாகப் படிப்பவர்கள் ஒருமுறை 'எல்எஸ்' (ஃபைல் பட்டியல் காட்டும் கட்டளை) போட்டுப் பார்த்துவிடுங்கள். பல நிறுவல்களில் தமிழ்ப் பெயர்கள் டிஸ்கில் தமிழாக இருக்காது. & குறியில் தொடங்குகிற, ஐமேப்புக்கான யுடிஎஃப்-7 வடிவத்தில் இருக்கும். அங்கே எவ்வளவு துல்லியமான தமிழ்ப் பேட்டர்ன் எழுதியும் பயனில்லை. அதே ஃபோல்டர்களை ஐமேப் வழியாகத் திறந்தால் தமிழாகவே வரும்.

சோதிக்கும் முறை: ஹூக்கில் முகவரியை மாற்றி, ஒரு மெயில் எழுதித் தொடங்கிப் பார்ப்பது சுற்றுவழி. தற்காலிகமாக ஸ்டேட்டஸ்-ஃபார்மட்டை 'வேலை ஹூக் ஓடியது' என்று மாற்றுகிற ஒரு ஹூக்கை அதே பேட்டர்னோடு போடுங்கள், புள்ளி வரியில் அதைப் பழைய வடிவத்துக்குத் திருப்புங்கள், பிறகு ஒவ்வொரு ஃபோல்டராகப் போய்க் கீழ்வரியைப் பாருங்கள். சமக்குறி எங்கே விரிகிறது என்று சந்தேகம் இருந்தால் முக்காற்புள்ளி தட்டி 'செட் ?ஃபோல்டர்' என்று கேட்டால் சொல்லும்.

மேலே உதாரணத்தின் முதல் வரியில் 'அன்ஹூக் ஃபோல்டர்-ஹூக்' இருப்பதைக் கவனித்திருப்பீர்கள். பேட்டர்னைத் திருத்திவிட்டு மட்டை மூடாமலே 'சோர்ஸ்' கட்டளையால் ஃபைலை மறுபடி படிக்கச் சொல்கிறோம் இல்லையா, அப்போது பழைய ஹூக்குகள் அழிவதில்லை. பேட்டர்னும் கட்டளையும் அச்சு அசலாக அதே என்றால் மட் இரண்டாவதை ஒதுக்கிவிடும். ஒரு டாலர் குறி சேர்த்திருந்தாலும் அது புதிய ஹூக், பழைய தளர்வான பேட்டர்னும் பக்கத்தில் உயிரோடு இருக்கும். திருத்தம் சரியாக இருந்தும் 'வேலைவாய்ப்பு'க்கு இன்னும் பாய்கிறதே என்று தலையைப் பிய்த்துக்கொள்வது இதனால்தான். அந்த முதல் வரி இருந்தால் ஒவ்வொரு முறையும் சுத்தமாகத் தொடங்கும். ஹூக்குகளைப் பல ஃபைல்களில் பிரித்து வைத்திருக்கிறீர்கள் என்றால், மற்றவற்றை இழுக்கிற முதன்மை ஃபைலின் தலையில் மட்டும் அதைப் போடுங்கள், இல்லாவிட்டால் இரண்டாவது ஃபைல் முதலாவதைத் துடைத்துவிடும்.

உங்களுக்கு வேண்டியது நிஜமாகவே ஒரே ஒரு ஃபோல்டர்தான், உள்ஃபோல்டர் எதுவும் கிடையாது என்றால், புதிய பதிப்புகளில் ஹூக்குக்குப் பின்னால் '-நோரெஜெக்ஸ்' என்று போட்டு வெறும் '=வேலை' என்று எழுதலாம், டாலரும் வேண்டாம் பேக்ஸ்லாஷும் வேண்டாம். உங்கள் டிஸ்ட்ரோ தருகிற மட் பழையது என்றால் அந்த வரி பலிக்காது. அப்போது '=வேலை$'.